முன்பாரமும் பின்பாரமும்

பள்ளிக்கூட உபாத்தியாயருக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுண்ணாம்புக் கட்டியையும் கரும்பலகையையும் தவிர வேறு ஆயுதம் அறியாதவன் நான். ஆனால் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கு நாலரை ஏக்கர் நிலம் இருக்கிறது. சென்ற வருஷம் முதல் அவனிடம் ஒரு சிறிய டிராக்டரும் இருக்கிறது. ஆகவே, கோடை விடுமுறையில் நான் சும்மா இருக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

டிராக்டர் வீட்டுக்கு வந்த அன்று அதற்கு நடந்த உபசாரத்தைப் புது மாப்பிள்ளை எவனேனும் கண்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பான். சந்தனம், குங்குமம், ரோஜா மாலை, நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எலுமிச்சம்பழம்! ஆனால் ஒரு மாதத்துக்குள் ஓர் உண்மை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டிராக்டர் உழும், இழுக்கும், ஆனால் சுமக்காது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. தான் எந்தப் பாரத்தையும் சுமக்கும்படி அமைக்கப்படாத வண்டிக்குத்தான் டிராக்டர் என்று பெயர் என்பது அந்தச் சட்டம் வகுத்திருக்கும் இலக்கணம்.

மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு வருஷத்து எரு மேடாகக் குவிந்து கிடந்தது. கண்மாயில் தண்ணீர் வற்றி, கறுப்பு வண்டல் வெடித்துக் கிடந்தது. அறுப்புக் காலம் வந்தால் நெல்லும் வைக்கோலும் வீடு வந்து சேரவேண்டும். இவற்றையெல்லாம் கொண்டு சேர்ப்பது யார்? எங்கள் மாட்டு வண்டியோ பத்து வருஷத்துக்கு முன்பே அடுப்பில் எரிந்து முடிந்துவிட்டது. எனவே ஒரு டிரெய்லர் வேண்டும், அதுவும் பாரத்தைத் தானே கொட்டிவிடும் டிப்பர் டிரெய்லராக இருக்கவேண்டும் என்று குடும்ப சபை கூடித் தீர்மானித்தது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்கப்புறந்தான் அபிப்பிராய பேதம் ஆரம்பித்தது.

"பெரியதாகவே வாங்கிவிடுவோம், அண்ணே. பத்து நடை போகிற இடத்தில் நாலு நடை போதும்" என்றான் தம்பி.

"நடவுக்கு வருகிற பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர வசதியாக இருக்க வேண்டும். பாவம், மூன்று மைல் நடக்கிறார்கள்" என்றாள் எங்கள் தாயார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். படித்தவன் என்று பெயர் வாங்கியவன் வேறு என்ன செய்வான்?

* * *

டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை டன் தாங்கும்?" என்பது. இந்தக் கேள்வியில் ஒரு பெரிய பிசகு இருக்கிறது. தொட்டிக்கு அளவு உண்டு, எடை கிடையாது. எடை அதில் போடும் பொருளுக்கு உரியது.

இதைப் பரீட்சித்துப் பார்த்துவிடலாம் என்று, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள ஒரு மரப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். அதில் நெல்லை நிரப்பி உரக்கடைத் தராசில் வைத்தேன். பெட்டியின் எடை போக ஏறக்குறைய 16 கிலோ. நன்றாக மக்கிய எருவை நிரப்பினேன், 20 கிலோ. கண்மாயின் அடியிலிருந்து ஈர வண்டலை அள்ளிப் போட்டேன், 50 கிலோ! ஒரே பெட்டிதான். ஆனால் நெல்லைச் சுமக்கும்போது அது பள்ளிக்கூடத்துப் பையன். வண்டலைச் சுமக்கும்போது பயில்வான்.

தம்பி ஆசைப்பட்ட டிரெய்லரின் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதாவது 60 கன அடி. அதில் நெல் ஏற்றினால் 960 கிலோ. எரு ஏற்றினால் 1,200 கிலோ. ஈர வண்டல் ஏற்றினாலோ 3,000 கிலோ. தொட்டியின் சொந்த எடை இதற்குமேல். எங்கள் டிராக்டரோ ஏறக்குறைய 20 குதிரைத் திறன் உள்ள சிறிய ஜாதி. அதன் எடை 900 கிலோ. அதனுடன் வந்த கைப்புத்தகத்தில், டிரெய்லரும் பாரமும் சேர்ந்து ஒன்றரை டன்னுக்கு மேற்படக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. அந்தப் புத்தகத்தைத் தம்பி பீரோவின் அடித்தட்டில் பத்திரமாக வைத்திருந்தான். நம்மவர்கள் கைப்புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை அவ்வளவோடு சரி.

இந்தக் கணக்கைக் காட்டியதும் தம்பி இறங்கிவந்தான். 6 அடி நீளமும், 4 அடி அகலமும், ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டி போதும் என்று முடிவாயிற்று. 30 கன அடி. நெல்லானால் 480 கிலோ. எருவானால் 600 கிலோ. வண்டலைத் தலைதட்டி நிரப்பினால் 1,500 கிலோ. "வண்டலை மட்டும் குறைத்துப் போடுவோம்" என்று பேசிக்கொண்டோம். இந்த வாக்கியத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

* * *

பக்கத்து நகரத்தில், பழைய டிரெய்லர்கள் விற்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே போகும்போது எங்கள் தெருவிலிருக்கும் ஒரு பெரியவரையும் கூட அழைத்துக்கொண்டோம். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. வாலிபத்தில் இருபத்தைந்து வருஷம் பாரவண்டி ஓட்டியவர்.

கொட்டகையில் எங்கள் அளவுக்கு ஒத்த டிரெய்லர் ஒன்று புது நீல வர்ணத்துடன் மின்னிக்கொண்டு நின்றது. தம்பி டயரைத் தட்டிப் பார்த்தான். நான் நாடாவைப் பிடித்து அளந்தேன். பெரியவர் இரண்டையும் செய்யவில்லை. முன்னால் கொக்கி மாட்டும் வளையத்தைத் தூக்கி, டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரையா, நீங்களும் தம்பியும் தொட்டியின் பின்பக்கம் ஏறி நில்லுங்கள்" என்றார்.

ஏறினோம். மறுகணம் வளையம் அவர் கையை உதறிக்கொண்டு ஆகாயத்தை நோக்கிப் பாய்ந்தது. நாங்கள் தரையை நோக்கிப் பாய்ந்தோம்.

"பின்பாரம்" என்றார் பெரியவர். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்குள் பௌதிக சாஸ்திரத்தில் ஓர் அத்தியாயம் அடங்கியிருக்கிறது. வண்டியில் மூட்டை அடுக்கும்போது பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி அடுக்குவார்கள். நுகத்தடி மாட்டின் கழுத்தில் இலேசாக அமர்ந்திருக்கும். பாரம் பின்னால் போய்விட்டால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்னால் அதிகமாகிவிட்டாலோ, மாடு கழுத்து நொந்து நடக்க முடியாமல் தவிக்கும். முன்பாரத்துக்கும் பின்பாரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த அரைச் சாண் இடைவெளியைக் கண்டுபிடிப்பதில்தான் வண்டிக்காரனின் கெட்டிக்காரத்தனம் இருந்தது.

டிராக்டருக்குக் கழுத்து நோகாதே என்று கேட்கலாம். அதற்கும் நோகத்தான் செய்கிறது. ஆனால் அது வாய்விட்டுச் சொல்வதில்லை. டிராக்டரை முன்னால் தள்ளுவது அதன் பின்சக்கரங்கள். அவற்றின்மேல் கொஞ்சம் பாரம் அழுந்தினால்தான் அவை மண்ணைப் பற்றும். டிரெய்லரின் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் இறங்கினால் நல்லது. பின்பாரமாகிவிட்டால் கொக்கி மேலே தூக்கும்; சக்கரம் சேற்றில் வீணாகச் சுழலும். முன்பாரம் மிஞ்சிவிட்டால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப ஆரம்பிக்கும். அப்பொழுது ஓட்டுகிறவர் திருப்புவளையத்தை எவ்வளவு திருப்பினாலும் டிராக்டர் தன் இஷ்டப்படியே போகும். கொக்கியையும் தாழ்வான இடத்திலேதான் மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே உயரத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் டிராக்டர் பின்புறமாகவே மல்லாந்துவிடும்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் என்ற யந்திர நிபுணர் இந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டுதான் உலகப் புகழ் பெற்றார். கலப்பையின் பாரத்தையே டிராக்டரின் பின்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால், இலேசான டிராக்டரும் கனமான வேலையைச் செய்யும் என்று அவர் காட்டினார். 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தில் செய்யப்பட்ட அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம். அதனுடன் இணைப்பதற்காக அவர் செய்த டிரெய்லரில் அச்சு நடுவில் இராது. நன்றாகப் பின்னால் தள்ளியிருக்கும். பாரத்தின் ஒரு பகுதி டிராக்டரின்மேல் வந்து விழுவதற்காகவே இந்த ஏற்பாடு. பெர்குஸன் வரைபடம் போட்டுக் கண்டதை எங்கள் பெரியவர் மாட்டின் கழுத்தைப் பார்த்துக் கண்டுகொண்டார். இருவரும் கண்டது ஒன்றேதான்.

நாங்கள் பார்த்த நீல டிரெய்லரில் அச்சு தொட்டியின் நட்ட நடுவில் இருந்தது. இதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு வந்தோம். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 80 அங்குலம் இருக்கும்படி வைத்துக்கொண்டு, தொட்டியின் நடுப்புள்ளிக்கு 8 அங்குலம் பின்னால் அச்சைத் தள்ளி வைத்துவிட்டால், பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கிக்கு வந்துவிடும். கணக்கு என்னுடையது, வேலை எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரருடையது.

* * *

இனி, கொட்டும் சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிறிய டிப்பர்களில் மூன்று தினுசு உண்டு. தாழ்ப்பாளை நீக்கியதும் பாரத்தின் கனத்தாலேயே பின்னால் சாய்ந்துவிடுவது ஒன்று. கையால் பம்பு அடித்து எண்ணெயின் அழுத்தத்தால் தூக்குவது இரண்டாவது. டிராக்டரிலிருந்தே எண்ணெய்க் குழாய் இழுத்து ஜாக்கியைத் தூக்கச் செய்வது மூன்றாவது. முதல் தினுசு மலிவு; ஆனால் ஒரேயடியாகக் கவிழ்க்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டச் சொன்னால் கேட்காது. இரண்டாவது தினுசில் கை வலிக்கும். எங்களுடையது மூன்றாவது தினுசு.

ஜாக்கியின் பலத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. எங்கள் ஜாக்கியின் உள்விட்டம் இரண்டரை அங்குலம். பரப்பளவு சுமார் 30 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் வந்தால் நாலரை டன் பலம். ஆனால் தொட்டி படுத்திருக்கும்போது ஜாக்கியும் அதன் கீழே ஏறக்குறையப் படுத்துத்தான் கிடக்கிறது. தரையிலிருந்து 15 டிகிரி மட்டும் நிமிர்ந்து நிற்கும் ஜாக்கியின் பலத்தில் கால் பங்குதான் தூக்குவதற்குப் பயன்படும். மற்றதெல்லாம் சட்டத்தை முன்னும் பின்னும் நெருக்குவதில் செலவாகிவிடும். ஆகவே ஜாக்கி எவ்வளவு பருமன் என்பதைவிட, எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்று பார்ப்பதே முக்கியம். தொட்டி முழுவதும் தூக்கி நிற்கும்போது 45 டிகிரியாவது சாய வேண்டும். அதற்குக் குறைந்தால் ஈர வண்டல் தொட்டியை விட்டு இறங்க மறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று: ஜாக்கி முழுதும் நீளும்போது ஏறக்குறைய 2 லிட்டர் எண்ணெய் அதற்குள் போய்விடுகிறது. பல டிராக்டர்களில் பல்சக்கரப் பெட்டிக்கும் இதற்கும் எண்ணெய் ஒன்றே. எண்ணெய் மட்டத்தைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டே இருப்பவர், உள்ளே இருக்கும் பற்களை விலை கொடுத்து மாற்ற வேண்டியிருக்கும்.

அச்சு விஷயத்தையும் சேர்த்துப் பட்டறையில் செய்ய வேண்டிய மாறுதல்கள் ஆறு என்று என் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதினேன். முதலாவது, அச்சைப் பின்தள்ளுவது. இரண்டாவது, பின்கதவுக்கு மேலும் கீழும் கீல் வைப்பது. மேல் கீலில் தொங்கவிட்டால் கொட்டும்போது தானே திறக்கும். கீழ்க் கீலில் மடக்கினால் ஏற்றுவதற்குப் பலகைபோல் உதவும். ஒரு சங்கிலியால் சிறிது மட்டும் திறக்கும்படி கட்டிவிட்டு மெல்ல ஓட்டினால் எரு வயல் முழுவதும் வரிசையாக விழும். மூன்றாவது, வைக்கோல் ஏற்றுவதற்குக் கழற்றி மாட்டக்கூடிய கம்பி வலைச் சட்டம். நான்காவது, தூக்கிய தொட்டிக்குக் கீழே கொடுக்க இரும்பு முட்டு. ஐந்தாவது, பிரேக். ஆறாவது, பின்னால் இரவில் ஒளி வீசும் சிவப்புப் பட்டைகள்.

பட்டறைக்காரர் ஒரு வாரத்தில் முதல் நான்கையும் முடித்துவிட்டார். எங்கள் கைப்பணமும் முடிந்துவிட்டது. "பிரேக்கை என்ன செய்யலாம்?" என்று அவர் கேட்டார். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். வயலுக்கும் வீட்டுக்குந்தானே ஓடப் போகிறது?" என்று சொன்னவன் நான். தம்பியல்ல, நான்.

* * *

மூன்றாம் வாரம். எரு எல்லாம் வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டல் நடந்துகொண்டிருந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் இன்னும் இரண்டு நடை அடித்துவிட வேண்டும் என்று தம்பிக்கு ஆத்திரம். வண்டலைக் குறைத்துப் போடுவோம் என்று பேசியது எல்லாருக்கும் மறந்துவிட்டது. தொட்டியின் விளிம்புக்கு மேலும் கோபுரமாகக் குவித்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை.

கண்மாய்க் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதை, ஐந்தடி போவதற்குள் ஓரடி இறங்கும் சரிவு. முதல் தூறல் விழுந்து களிமண் வழுக்கத் தொடங்கியிருந்தது. பாதி இறங்கியதும் டிரெய்லர் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. தம்பி பதறிப்போய்க் கிளச்சை மிதித்தான். அதோடு இயந்திரத்தின் பிடிப்பும் விட்டுப்போயிற்று. பிரேக்கை மிதித்தான். டிராக்டரில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. உழும்போது ஒன்றை மட்டும் மிதித்துத் திரும்புவதற்காக அப்படி. பாதையில் போகும்போது இரண்டையும் ஒரு தாழால் பூட்டிவிட வேண்டும். காலையில் உழுதவன் பூட்ட மறந்திருந்தான். வலது மிதி மட்டும் பிடித்தது. டிராக்டர் வலப்பக்கம் திரும்பியது. டிரெய்லர் நேரே வந்தது. பேனாக்கத்தி மடங்குவதுபோல் இரண்டும் மடங்கிக் கால்வாயில் குடை சாய்ந்தன.

தம்பி தூக்கி எறியப்பட்டு வரப்பில் விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது. அவ்வளவோடு போயிற்று. ஆனால் அன்று முழுவதும் ஒவ்வொரு நடையிலும் வண்டல் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு பையன்கள் சவாரி வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் என் வகுப்பு மாணவர்கள். அந்த ஒரு நடைக்கு மட்டும் அவர்கள் வரவில்லை. என் தாயார் அவர்களைக் கூப்பிட்டுக் கேப்பைக் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டி கவிழ்ந்து கிடந்த இடத்தில் ஓராள் உயரத்துக்கு வண்டல் மூடியிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். சாயங்காலத்தில் போட்ட கணக்கு அல்ல. காலையிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. டிரெய்லரின் சொந்த எடை 400 கிலோ. தலைதட்டிய வண்டல் 1,500 கிலோ. குவித்ததைச் சேர்க்கவே வேண்டாம். ஐந்துக்கு ஒன்று சரிவில் இந்த 1,900 கிலோவும் ஏறக்குறைய 380 கிலோ பலத்தோடு கீழ்நோக்கித் தள்ளும். டிராக்டரின் 900 கிலோ தன் பங்குக்கு 180 கிலோ தள்ளும். மொத்தம் 560. இதைத் தடுக்க வேண்டியவை டிராக்டரின் இரண்டே பின்சக்கரங்கள். அவற்றின்மேல் இருக்கும் பாரம் முக்கால் டன். ஈரக் களியில் அந்தப் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிப்புக் கிடைக்காது. அதாவது 250 கிலோ. 560 கிலோவை 250 கிலோ எப்படி நிறுத்தும்? இதைப் போட எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். நான் அதைத்தான் இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

* * *

தம்பியின் கைக்கட்டு அவிழ்க்கும் முன்பே டிரெய்லர் மறுபடியும் பட்டறைக்குப் போயிற்று. இந்தத் தடவை பிரேக்தான் முதல் வேலை. பணத்துக்கு என் கைக்கடிகாரம் போயிற்று. பழைய வேன் ஒன்றின் பின் அச்சைப் பிரேக் டிரம்களோடு வாங்கினோம். கொக்கி வளையத்தை ஒரு சுருள்வில்லின்மேல் முன்னும் பின்னும் நகரும்படி அமைத்தார் பட்டறைக்காரர். டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும்போது வளையம் உள்ளே அமுங்கும். அமுங்கியதும் ஒரு நெம்புகோல் கம்பியை இழுத்துப் பிரேக்கைப் பிடிக்கும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்கும். பின்னால் நகர்த்தும்போது மட்டும் அதைத் தடுத்து வைக்க ஒரு தாழ் வேண்டும். இல்லாவிட்டால் பின்வாங்கவே விடாது. நிறுத்தி வைப்பதற்குக் கைப்பிடி தனியாக இருக்கிறது. கொக்கி ஊசி கழன்றுவிடாதபடி அதன் முனையில் ஒரு பூட்டுக் கம்பியும், அதுவும் தவறினால் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலியும் போட்டோம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். டிரெய்லர் ஓடும், அதுதான் ஆபத்து.

இம்மாதிரி அச்சையே மாற்றுவதாக இருந்தால், முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம். டிரெய்லருக்கென்று தனியான பதிவு இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டிப்பர் வைத்திருக்கும் அன்பர்கள் தயவுசெய்து இவற்றையும் கவனிக்க வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நடுச்சரிவில் கிளச்சைத் தொடக் கூடாது. கொட்டும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இருக்கும்போது தொட்டியைத் தூக்கினால் பாரம் உயரே போகப் போக அந்தப் பக்கமாகவே சாய்ந்துவிடும். தூக்குமுன் தலைக்குமேல் மின்சாரக் கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். நம் வயல்களில் கம்பிகள் தொய்ந்து கிடப்பது நமக்குத் தெரியாத சங்கதியல்ல. தூக்கிய தொட்டியோடு வண்டியை ஓட்டவே கூடாது. தொட்டிக்குக் கீழே குனிந்து கையை நீட்டுவதற்கு முன், தொட்டி காலியாக இருந்தாலும் இரும்பு முட்டைக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் தொட்டி கண்மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிடும்.

நடவுக்கு வரும் பெண்களின் விஷயம் பாக்கி இருந்தது. டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்லச் சட்டம் இடம் தருவதில்லை என்பதைத் தாயாரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குச் சிரமம் வைக்கவில்லை. "ஷேர் ஆட்டோவுக்கு நான் காசு கொடுத்துவிடுகிறேன். அந்தத் தொட்டியில் ஒரு குஞ்சு குளுவான்கூட ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சட்டத்தைவிடக் கண்டிப்பான உத்தரவு.

கடைசி மாறுதல் ஒன்றை நானே செய்தேன். ஒன்றரை டன்னில் டிரெய்லரின் 400 கிலோ போனால் மீதம் 1,100. ஜாக்கிரதைக்கு ஆயிரம் என்று வைத்துக்கொண்டேன். ஈர வண்டலில் அது 20 கன அடி. எங்கள் தொட்டியில் 10 அங்குல உயரம். உள்பக்கம் நான்கு சுவர்களிலும் 10 அங்குலத்தில் சிவப்பு வர்ணத்தால் ஒரு கோடு இழுத்தேன். மற்ற மாறுதல்கள் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் செலவு குறைவு. அந்த இரண்டு பையன்களே வர்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். கோடு எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன்.

மறுவாரம் அதே சரிவில், அதே வண்டல், கோட்டளவு மட்டும் நிறைத்துக்கொண்டு தம்பி இறங்கினான். இரண்டு மிதிகளையும் தாழிட்டிருந்தான். நடுச்சரிவில் வளையம் உள்ளே அமுங்கியது. பிரேக் முனகிக்கொண்டே பிடித்தது. வண்டி நடை வேகத்தில் இறங்கி வயலில் போய் நின்றது. கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவரை, "எப்படி, தாத்தா?" என்று கேட்டேன்.

"இப்போதுதான் வண்டி" என்றார்.